எனக்கு மார்க் போட்ட வண்டி

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பதினைந்து வருஷமாக ஆபீசுக்கும் கடைக்கும் ஊருக்கும் நானே ஓட்டிப் போகிறேன். ஒரு ஆட்டோவை உரசியதில்லை, ஒரு நாய் மேல் ஏற்றியதில்லை. அப்படிப்பட்ட எனக்கு ஐம்பத்தேழு வயதில் ஒரு வண்டி மார்க் போட ஆரம்பித்தது. அந்த மார்க் சென்னையில் இருக்கிற என் மகனின் செல்போனுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் போன் செய்து எனக்கே அதை வாசித்துக் காட்டுவான். மூன்று மாதம் பார்ப்பது, தேறாவிட்டால் சாவியை வாங்கி ஒரு டிரைவரிடம் கொடுத்துவிடுவது என்று அவனும் அவன் அப்பாவும் பேசி முடிவு செய்திருந்தார்கள். என்னிடம் சொன்னார்கள், கேட்கவில்லை.

சாவி போனால் எனக்கு என்ன போகும் என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதிலிருந்து நான் பஸ்ஸுக்கு நின்றவள். கையில் குழந்தை, தோளில் பை, வெயில், மழை எல்லாவற்றோடும் வீட்டுக்காரர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன். நாற்பத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தபோது வீட்டில் ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. லைசென்ஸ் வந்த பிறகுதான் எங்கே போவது, எந்த வழியாகப் போவது என்பதில் என் பேச்சும் கொஞ்சம் எடுபட ஆரம்பித்தது. இதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

முன்னால் வைத்திருந்தது பழைய வண்டி. அது பேசாது. பொங்கலுக்கு வந்த மகன் அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வாசலில் நிறுத்தினான். பரிசாம். அம்மாவுக்கு வயசாகிறது, இனிமேல் வண்டியே பார்த்துக்கொள்ளும் என்றான். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பம்பருக்குள் ஏதோ ரேடார். கோட்டைத் தாண்டினால் ஸ்டீரிங்கை இழுக்கும். முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் கத்தும். நாம் கேட்காவிட்டால் அதுவே பிரேக் போடும். கொஞ்சம் நேரம் சேர்ந்தாற்போல் ஓட்டினால் திரையில் ஒரு காபி கோப்பை வந்து, களைப்பாக இருக்கிறதா, ஓய்வெடுங்கள் என்று சொல்லும். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என்னை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அதுதான் என்பது வேறு விஷயம்.

வீட்டுக்காரர் ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனால் வண்டியோடு வந்த தடித்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் சிவப்பு பேனாவால் கோடு போட்டுப் படித்து முடித்தார். அன்றிலிருந்து வண்டிக்குள் எனக்கு இரண்டு வாத்தியார்கள். ஒன்று பீப் பீப் என்று கத்தும். இன்னொன்று அது ஏன் கத்தியது என்று பக்க எண்ணோடு விளக்கும்.

சனிக்கிழமை காலையில் அடி அண்ணாமலைப் பக்கம் போய்த் தோட்டத்துக்காரர்களிடம் கீரையும் கத்தரிக்காயும் வாங்கி வருவது என் வழக்கம். இப்போதெல்லாம் பௌர்ணமிக்குத்தான் என்று இல்லை, சனி ஞாயிறு வந்தாலே கிரிவலப் பாதையில் கூட்டம்தான். செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டின் மேலேயே வரிசையாக வருவார்கள். தாரைவிடப் பெயின்ட் மேல் சூடு கம்மி. அது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், நாம் கோட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு விலகி ஓட்டிக்கொள்வோம். இந்த வண்டிக்கோ அந்தக் கோடுதான் உயிர். நான் விலகினால் அது இழுக்கும். இழுத்துக்கொண்டு போய் நடக்கிறவர்களைப் பார்த்ததும் அதுவே அலறும். ஒரு நாள் ஒரு ஆள் வேட்டியைக் கட்டிக்கொள்ள நின்றார், ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளித்தான் நின்றார். வண்டி நடு ரோட்டில் சடாரென்று நின்றுவிட்டது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ டிரைவர் ஒடித்துத் திருப்பிப் பக்கத்தில் வந்து, ஓட்டத் தெரியவில்லை என்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. நான் போட்ட பிரேக்கா அது? யாரிடம் போய்ச் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை கதை இதைவிட மோசம். எங்கள் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே இருக்கிறது. நாங்கள் ஜைனக் குடும்பம். ஊரில் எங்கள் கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை எங்கள் முறை. கொஞ்சம் நிலமும் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறோம். ஆகையால் வாராவாரம் காலையில், நாங்கள் இப்போது குடியிருக்கிற வேங்கிக்கால் வீட்டிலிருந்து கிளம்பி, பூசை முடித்து, நிலத்தைப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்புவோம்.

மாசி பங்குனியில் அந்த ரோட்டில் பாதி களமாகிவிடும். ஒரு பக்கம் உளுந்துச் செடியைப் பரப்பியிருப்பார்கள், இன்னொரு பக்கம் வேர்க்கடலை காயும். உளுந்து என்றால் அதன் மேல் ஏற்றிப் போக வேண்டும், நம் டயர்தான் அவர்களுக்குக் காய் உடைக்கிற மெஷின். சுற்றிப் போனால் கோபித்துக்கொள்வார்கள். கடலை என்றால் கிட்டேயே போகக் கூடாது, ஏற்றினால் அவ்வளவும் நொறுங்கிவிடும். இது ரோட்டில் எழுதி வைத்திருக்கிற சட்டம் இல்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். பெங்களூரிலோ எங்கேயோ உட்கார்ந்து இந்த வண்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவருக்குத் தெரியவில்லை. உளுந்தைக் கண்டால் வண்டி பயந்து கத்தியது. கடலையை விட்டு ஒதுங்க நான் வலப்பக்கம் கோட்டைத் தாண்டினால், ஸ்டீரிங்கைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தது. ஒரு தடவை நான் சுதாரிப்பதற்குள் முன்சக்கரம் கடலை மேல் ஏறிவிட்டது. காய்கள் நொறுங்குகிற சத்தம் எனக்கு வண்டிக்குள்ளேயே கேட்டது.

கடலைக்குச் சொந்தக்காரப் பெண் விளக்குமாற்றோடு எழுந்து வந்தாள். இறங்கி மன்னிப்புக் கேட்டேன். வண்டி இழுத்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளும் நம்பவில்லை. நீ ஓட்டுகிறாயா, வண்டி உன்னை ஓட்டுகிறதா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. திரும்பி வந்து உட்கார்ந்தால் வீட்டுக்காரர், இண்டிகேட்டர் போட்டிருந்தால் இழுத்திருக்காது, கையேட்டில் தெளிவாக இருக்கிறது என்றார். அந்தக் கையேட்டை வாங்கி ஜன்னல் வழியாக வீசலாம் போல் இருந்தது.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் வண்டியின் மடத்தனம். இதற்கெல்லாம் மார்க் குறைந்ததை நான் சமாளித்துவிடுவேன். மகனிடம் சண்டை போட்டு ஜெயித்துவிடுவேன். ஜெயிக்க முடியாத ஒன்று இருந்தது. அவன் வாசிக்கிற ரிப்போர்ட்டில் வாராவாரம் ஒரே நேரத்தில் சிவப்பு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஐந்தரையிலிருந்து ஆறேகால்.

அதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் வயிறு. எங்களவர்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற பழக்கம் உண்டு. இருட்டிய பிறகு அடுப்பும் கிடையாது, இலையும் கிடையாது. இப்போது நிறையப் பேர் விட்டுவிட்டார்கள், என் மகன் விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் அதை விரதமாகவே எடுத்துக்கொண்டவர். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, நல்ல பழக்கம்தான், முடிந்த நாளில் நானும் அவரோடு சாப்பிட்டுவிடுவேன். ஆனால் ஊரில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, சமைக்க வழியில்லை. காலையில் ஆக்கி எடுத்துப் போனது மத்தியானத்தோடு சரி, சாயங்காலத்துக்கு ஆகாது என்பார். ஆகவே ஆறேகாலுக்குள் வீடு வந்து சேர்ந்து, தோசைக்கல்லைப் போட்டு, முதல் தோசை அவர் தட்டில் விழவேண்டும்.

சரி, அதற்குத் தகுந்தாற்போல் கிளம்பலாம் இல்லையா? நாலு மணிக்கு நான் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பேன். அவர் வரப்பில் குத்தகைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். ஹார்ன் அடித்தால் கையைத் தூக்கி, இதோ வந்துவிட்டேன் என்று காட்டுவார். மோட்டார், மழை, பஞ்சாயத்து, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்து, கால் கழுவி, மறுபடியும் ஏதோ ஞாபகம் வந்து திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் வந்து ஏறும்போது மணி ஐந்தேகால், ஐந்தரை. ஏறினதும் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போ என்பார். மெதுவாகப் போக வேண்டும், பொழுது சாய்வதற்குள்ளும் போக வேண்டும். பதினைந்து வருஷமாக இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து கொடுத்தவள் நான். ஒரு வாரம் தவறி இருட்டிவிட்டால் அவர் பட்டினி. மறுநாள் காலைவரைக்கும் அந்த முகத்தைப் பார்த்து நான்தான் குற்றவாளி மாதிரி நடமாடுவேன்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. அன்றைக்கும் ஐந்தரைக்குத்தான் ஏறினார். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் ஒரு பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டு நின்றது. காத்திருக்க நேரமில்லை. சூரியன் நேர் கண்ணில். பஸ்ஸை ஒட்டி முந்தினேன். வண்டி தானாகவே குத்துக்கல் மாதிரி நின்றது. பெல்ட் தோளை அறுத்தது. ஏன் நின்றது என்று திட்ட வாயெடுத்த பிறகுதான் எனக்கு அவள் தெரிந்தாள். பஸ்ஸின் முன்பக்கமாக வந்து ரோட்டைக் கடந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தை. என் பானெட்டின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள். நான் பிரேக்கில் காலே வைக்கவில்லை. வண்டிதான் நிறுத்தியது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலாம். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பார்த்து ஓட்டக் கூடாதா? அப்படி என்ன அவசரம் உனக்கு?"

உனக்கு என்றார். மிச்ச தூரத்தையும் அதே மாதிரி ஓட்டி ஆறு பத்துக்கு வீட்டுக்கு வந்து தோசை ஊற்றினேன். அவர் நாலு தோசை சாப்பிட்டார், சட்னியில் காரம் கொஞ்சம் ஜாஸ்தி என்றார்.

அன்றைக்கு மகன் போன் செய்தபோது குரலே வேறு மாதிரி இருந்தது. வண்டி அவசரமாகத் தானே நின்றதாக அவன் போனில் வந்திருக்கிறது.

"ஆபீஸ் போறது வரது எல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது. ஞாயித்துக்கிழமை இந்த முக்கால் மணி நேரம்தான் இப்படி. அந்த நேரத்துல உனக்கு என்னம்மா ஆவுது?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தோம், அவருக்குக் கேட்டது. அவர் பேப்பரை மடித்து அடுத்த பக்கம் திருப்பினார். ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம். வேங்கிக்காலிலேயே ஒரு டிரைவர் பார்த்து வைத்திருப்பதாகவும், அடுத்த ஞாயிறு ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு அவரை வரச் சொல்வதாகவும் மகன் சொன்னான். அப்பாவும் சரி என்று தலையாட்டினார், போனுக்குத் தெரியாது என்றாலும்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. கண்ணை மூடினால் பானெட்டின் மேல் அந்தக் கை. கிரிவலப் பாதையில் வண்டி முட்டாள், கடலை விஷயத்தில் வண்டி முட்டாள். ஆனால் கீழ்பென்னாத்தூரில் அது முட்டாள் இல்லை. அதை யாரிடமும் ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை, எனக்கு நானே ஒத்துக்கொள்ளவே மூன்று நாள் ஆனது. திங்கட்கிழமை ஆபீசுக்கு ஓட்டுகிற அதே நான், அதே கை, அதே கண். அப்போதெல்லாம் வாயைத் திறக்காத வண்டி, ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு மேல்தான் கத்துகிறது. பதினைந்து வருஷமாக ஒருத்தர் வரப்பில் நின்று பேசிய பேச்சுக்கெல்லாம் நான் ஆக்சிலரேட்டரில் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பழைய வண்டி கத்தாததால் எனக்கே அது தெரியவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. நாலு மணிக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அன்று நான் ஹார்ன் அடிக்கவில்லை. ஐந்து இருபத்தைந்துக்கு அவர் வந்து ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போ என்றார். சரி என்றேன்.

மெதுவாகப் போனேன். முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் நடுவில் அந்தத் திரை கேட்கிற இடைவெளியை அப்படியே விட்டேன். விட்ட இடத்தில் ஒரு மொபெட் வந்து நுழைந்தது, நான் இன்னும் பின்வாங்கினேன். அங்கே ஒரு டெம்போ நுழைந்தது, இன்னும் பின்வாங்கினேன். கடலைக்கு முறையாக இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கினேன். கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றது, அது கிளம்புகிறவரைக்கும் அதன் பின்னாலேயே நின்றேன். கடைசி ஆள் இறங்கி, கடைசி மூட்டை இறங்கி, அதன் பிறகுதான் நகர்ந்தேன். வண்டியிலிருந்து ஒரு சத்தம் இல்லை. வீட்டுக்காரர் முதலில் வாட்சைப் பார்த்தார். அப்புறம் சூரியனைப் பார்த்தார். கைப்பிடியிலிருந்து கை எப்போதோ கீழே வந்திருந்தது.

"கொஞ்சம் அழுத்தித்தான் போயேன். பொழுது போவுது பாரு."

பதினைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து முதல் தடவையாக அந்த வார்த்தை வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஆனால் என் கால் அழுத்தவில்லை.

"மார்க் எனக்குத்தாங்க போடறாங்க. லேட்டா வந்து ஏறினவங்களுக்கு யாரு போடறது?"

வீட்டு வாசலில் நிறுத்தும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் அடுப்பைப் பற்றவைத்து எனக்கு மூன்று தோசை ஊற்றி, அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மற்ற பட்டினி நாட்களில் நானும் சாப்பிட மாட்டேன், பாவமாக இருக்கும். அன்றைக்குப் பாவமாக இல்லை. மூன்றாவது தோசை வேண்டியிருக்கவில்லைதான், இருந்தாலும் தண்ணீரைக் குடித்துச் சாப்பிட்டு முடித்தேன்.

மகன் போன் வந்தது. சந்தோஷத்தில் இருந்தான். இன்றைக்கு ஒரு சிவப்பு கூட இல்லை, மூன்று மாதத்தில் இதுதான் பெஸ்ட், வண்டி பழகிவிட்டது பார்த்தாயா என்றான். டிரைவர் வேண்டாம், இப்படியே ஓட்டும்மா போதும் என்றான். நான் போனைக் கொண்டுபோய் அவன் அப்பாவின் மடியில் வைத்தேன். மகன் அதையே அவரிடமும் சொன்னான். அம்மா இன்றைக்கு ஓட்டினாற்போலவே வாராவாரம் ஓட்டட்டும், சரிதானே அப்பா என்று கேட்டான்.

அவர் என் காலித் தட்டைப் பார்த்தார். ஒன்றை மறைக்க நினைத்தால் வழக்கமாக அவர் பேப்பரை எடுப்பார், அன்றைக்கு எடுக்கவில்லை.

"சரிப்பா. அடுத்த வாரத்துலேருந்து நாலு மணிக்கே கிளம்பிடறோம். நான்தான் லேட் பண்ணிடறேன்."

சாவி என்னிடமே இருந்துவிட்டது. மகன் ஏதோ கேட்டான், அவர் ஏதோ பதில் சொன்னார், என் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியும் என்றால், அந்தப் பெண் குழந்தையோடு என் பானெட்டில் கை வைப்பதற்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று அவரை உலுக்கிக் கேட்க வேண்டும் போல் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டேன். போட்ட வேகத்தில் அது நெளிந்துபோனது.